பூஸ்ட் வால்வுக் கதைக்கு ஒரு திருத்தம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிந்தினால் மறைத்துவிடுவேன்; என்னை எனக்குத் தெரியும்.

போன வருடம் ஒரு காலாண்டுச் சஞ்சிகையில் என்னுடைய கதையொன்று வந்தது. அதில் ஒரு பிழை விட்டிருந்தேன். எழுத்துப் பிழை இல்லை. இருபத்திரண்டு வருடமாகத் தமிழ் படிப்பிக்கிறேன், அந்தப் பிழைகளை நான் விடுவதில்லை. நான் விட்டது ரப்பர் குழாய்ப் பிழை. கார் எஞ்சினில் ஒரு வால்வுக்குப் போகவேண்டிய இரண்டு குழாய்களை இடம் மாற்றி எழுதிவிட்டேன். அதை வாசித்த ஒரு மனிதர் அப்படியே தன் காரில் பூட்டினார். எஞ்சின் உருகிப்போனது, அதன் பின்னால் அவர் செய்துகொண்டிருந்த வேலையும் போனது.

அவர் பெயர் ஹுனைஸ். கனமூலையில் இருக்கிறார். இந்தக் கதையை நான் அவருக்காக எழுதுகிறேன். நீங்களும் வாசிக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

2

முதல் தொடக்கம்:

"உப்புக் காற்று ஓயாமல் வீசும் கற்பிட்டி வீதியில் அந்தப் பழைய கார் ஒரு"

வேண்டாம். உப்புக் காற்று அதுபாட்டுக்கு வீசட்டும். இந்தக் கதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. (பழியை அதன் தலையில் போடலாமா என்று இரண்டு நாள் யோசித்தது உண்மை. உப்புப் படிந்து வால்வு இறுகிவிட்டது என்று எழுதினால் புத்தளத்தில் ஒருவரும் மறுகேள்வி கேட்கமாட்டார்கள். இங்கே ஜன்னல் கம்பி முதல் சைக்கிள் செயின் வரை எல்லாவற்றுக்கும் உப்புத்தான் குற்றவாளி.)

இரண்டாவது தொடக்கம்:

"ஹுனைஸ் ஓர் அவசரக்காரன். எதையும் முழுதாக வாசிக்கிற பொறுமை அவனுக்கு"

இது பச்சைப் பொய். என் கதையை ஹுனைஸ் வாசித்த அளவுக்கு நான்கூட வாசிக்கவில்லை. தவிர, என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைந்தவர் என்பதற்காகக் கதைக்குள் வந்ததும் அவரை 'அவன்' ஆக்கிவிட்டேன். பழிபோட வசதியாக இருக்கும் என்றுதான் அப்படி வந்திருக்கவேண்டும். இரண்டையும் வெட்டிவிட்டேன். கண்ணுக்குத் தெரியட்டும் என்று அழிக்காமல் விட்டிருக்கிறேன்.

மூன்றாவது தொடக்கத்துக்கு முன் அந்த வால்வு என்னவென்று சொல்லவேண்டும். கதை அவசரத்தில் இருப்பவர்கள் நாலாம் பகுதிக்குப் போகலாம். ஹுனைஸ் போகமாட்டார்.

3

டேர்போ என்பது எஞ்சினின் புகையால் சுழலும் ஒரு காற்றாடி. அது சுழலச் சுழல எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும். காற்றுக் கூடினால் இழுவை கூடும். அளவு மிஞ்சினால் எஞ்சின் தாங்காது. அதனால் அளவு மிஞ்சும் நேரத்தில் புகையை வேறு வழியால் திருப்பிவிட ஒரு சின்னக் கதவு வைத்திருக்கிறார்கள். பழைய கார்களில் அந்தக் கதவை ஒரு ஸ்பிரிங்கும் ஒரேயொரு ரப்பர் குழாயும் பார்த்துக்கொள்ளும். கதவு எப்போது திறக்கும் என்பது அந்த ஸ்பிரிங்கின் பலத்தைப் பொறுத்தது, ஓட்டுகிறவர் ஒன்றும் செய்யமுடியாது.

இந்தக் காலத்துக் கார்களில் நடுவே ஒரு மின்சார வால்வு இருக்கும். பூஸ்ட் வால்வு என்பார்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. கதவை எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது என்று அது கணக்காகச் செய்யும். அதில் மூன்று துளைகள். ஒன்றுக்கு டேர்போவிலிருந்து காற்று வரும், ஒன்று கதவுக்குப் போகும், ஒன்று வெளியே விடும். எந்தத் துளை எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

என் தம்பி ஸுஹைப் பாலாவியில் கராஜ் வைத்திருக்கிறான். எண்பத்து மூன்றாம் ஆண்டு ஜப்பான் கார் ஒன்றுக்கு அவன் இந்த வால்வைப் பூட்டியதை ஒருநாள் முழுக்கப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்தேன். (காரின் கம்பனிப் பெயரை எழுதவில்லை. பிழை கம்பனியுடையது இல்லை.) நாற்பது வருடப் பழைய இரும்புக்குள் நேற்று வந்த பிளாஸ்டிக் பெட்டி ஒன்று உட்கார்ந்து வேலை செய்வது எனக்குப் பிடித்திருந்தது. கதைக்கு ஆகும் என்று கொப்பியில் எல்லாம் குறித்தேன். துளைகளின் ஒழுங்கைத் தம்பி மூன்று தரம் சொன்னான், மூன்று தரமும் எழுதினேன். கொப்பி இப்போதும் இருக்கிறது. அதில் எல்லாம் சரியாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்து கதையாக எழுதும்போது அந்த வாக்கியம் நொண்டியது. இரண்டு துளைகளை இடம் மாற்றிச் சொன்னால் ஓசை நேராக வந்து விழுந்தது. மாற்றினேன். தெரிந்துதான் மாற்றினேன். இது கதைதானே, இதைப் பார்த்து யார் பூட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன். அந்த வாக்கியத்தைக் குறிப்பிட்டுப் பாராட்டி அக்குறணையிலிருந்து ஒரு கடிதமும் வந்தது, அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்காத குறையாக வைத்திருந்தேன். (வாக்கியத்தை இங்கே திரும்ப எழுதமாட்டேன். மறுபடி யாராவது பூட்டிவிடுவார்கள்.)

4

ஒரு சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு எத்தாளையில் என் வீட்டுப் படலையை ஒருவர் தட்டினார். முப்பத்தைந்து வயதிருக்கும். பஸ்ஸில் வந்த களைப்புத் தெரிந்தது. கையில் சஞ்சிகை, என் கதை இருந்த பக்கத்தில் ஒரு பஸ் டிக்கட் செருகியிருந்தது. ஸலாம் சொன்னார்.

"மர்ளியா டீச்சர்தானே? நான் ஹுனைஸ், கனமூலை. இறால் பண்ணையில ப்ளோவர்* பாக்கிறன். பாத்தன்."

(* ப்ளோவர்: இறால் குளத்துத் தண்ணீருக்குள் காற்றடிக்கும் இயந்திரம். அது சில மணித்தியாலம் நின்றால் குளத்து இறால் முழுக்கச் செத்து மிதக்கும். ஹுனைஸ் எட்டுக் குளங்களின் ப்ளோவர்களைப் பதினொரு வருடமாகப் பார்த்தவர். அவர் கையில் ஒரு குளமும் சாகவில்லை.)

வாசகர் ஒருவர் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாரே என்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. உட்காரச் சொல்லித் தேத்தண்ணி ஊற்றினேன். அவர் கோப்பையைத் தொடவில்லை.

"டீச்சர், உங்கட கதையில ஒரு பிழையுமில்ல. பல தரம் வாசிச்சிட்டன். நான்தான் எங்கயோ பிழைச்சிட்டன். எங்கயெண்டு கேட்டுட்டுப் போகலாமெண்டு வந்தன்."

"என்ன பிழைச்சது?"

"என்னட்டயும் அந்தக் கார்தான் இரிக்கிது டீச்சர், எண்பத்து மூணு. உங்கட கதையப் பாத்துத்தான் வால்வு எடுத்தன். அதில இரிக்கிற மாதிரியே பூட்டினன். கற்பிட்டிக்குப் போறனெண்டு நஸ்ஹாவையும் ஏத்திக்கிட்டன், என்ட பொண்சாதி. தலவிலச் சந்தி தாண்டி ஒரு லொறிய முந்தினன். பூஸ்ட் மீட்டர் ஊசி ஏறிட்டே போவுது. நிக்கிற இடத்தில நிக்கல்ல. பொறகு ஒரு சத்தம், வெள்ளப் புகை. கழட்டிப் பாத்தா பிஸ்டன் உருகி ஓட்ட விழுந்திட்டு."

"உங்களுக்கு ஒண்டும் ஆகல்லையே?"

"இல்ல, அல்ஹம்துலில்லாஹ். பொய் சொல்லக்கூடா டீச்சர், அந்த ரெண்டு நிமிஷமும் நல்லாத்தான் ஓடிச்சு."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊசி நிற்காமல் ஏறியது என்று அவர் சொன்னதுமே எந்த வாக்கியம் அதைச் செய்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"பூட்ட முந்தி வாயால ஊதிப் பாத்தன் டீச்சர்," என்றார். "எங்கட வேலையில எந்த வால்வையும் அப்பிடித்தான் பாக்கிற. கரண்ட் குடுக்காம ஊதினா அது என்ன செய்யுமெண்டு தெரிஞ்சிடும். ஊதினா, கதையில இரிக்கிறதுக்கு மாறா இருந்திச்சு."

"பிறகு?"

"இன்னொரு தரம் ஊதினன். அதேதான். பொறகு கதைய எடுத்துப் பாத்தன். அச்சில இரிக்கிதே. என்ட வாய்தான் பிழையாக்குமெண்டு நினைச்சன்."

பண்ணை மெனேஜர் விஷயத்தைக் கேள்விப்பட்டிருக்கிறார். சொந்தக் காரில் ஒரு வால்வைப் பூட்டத் தெரியாதவனிடம் எட்டுக் குளத்தை எப்படிக் கொடுப்பது என்று சொல்லி, ஹுனைஸை இறால் தீன் மூட்டை ஏற்றி இறக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார். ஹுனைஸ் அதைக் கோபமில்லாமல் சொன்னார்.

"அவர் சொல்றதும் நியாயம்தானே டீச்சர். எனக்கே இப்ப என்ட கையில நம்பிக்க இல்ல."

நான் சொல்லவேண்டிய பதில் ஒரு வரி. இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளின் கொப்பிகளில் சிவப்பு மையால் எழுதுகிற வரி. அதற்குப் பதிலாக நான் சொன்னது இது:

"குழாய் சூட்டுக்கு இளகியிருக்கும்."

ஹுனைஸ் நிமிர்ந்து பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து என் கதையின் ஓரத்தில் 'குழாய்' என்று எழுதிக்கொண்டார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, பெரிய உதவி டீச்சர் என்று சொல்லிப் போனார்.

5

நல்ல கதை ஒன்றில் மர்ளியா டீச்சர் இந்த இடத்தில் எழுந்து படலை வரை ஓடியிருப்பாள். "ஹுனைஸ், நில்லுங்க" என்று கூப்பிட்டிருப்பாள். அப்படி ஒரு பந்தி எழுதிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. அதில் நான் வெறுங்காலோடு ஓடினேன். நடந்தது வேறு. நான் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்தினேன். ஒரு பிள்ளைக்கு, காரணமில்லாமல், அதிகப்படியான புள்ளி போட்டேன்.

நாலு நாள் கழித்துச் சஞ்சிகை ஆசிரியருக்கு டெலிபோன் எடுத்தேன். ஒரு திருத்தம் போடவேண்டும் என்றேன்.

"கதைக்குத் திருத்தம் போடுறதில்ல டீச்சர்," என்றார். "கதையில வாறது கதை. கட்டுரையெண்டா போடலாம். வேணுமெண்டா இன்னொரு கதை எழுதித் தாங்க, அடுத்த இதழுக்கு இடம் இருக்கு."

கதையில் வருவது கதை. நானும் இதை மேடைகளில் சொல்லியிருக்கிறேன், கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். புனைவில் வரும் விலாசத்துக்குக் கடிதம் போடக்கூடாது என்றெல்லாம் பேசுவேன். ஆனால் ஹுனைஸுக்கு அச்சில் இருப்பது எல்லாம் ஒரே இனம். குளத்து மருந்துப் பெட்டியில் அச்சடித்த அளவு, மோட்டரோடு வரும் கையேடு, என் கதை. அந்த மருந்து அளவை நம்பித்தான் பதினொரு வருடம் குளங்களைக் காப்பாற்றியிருக்கிறார். என்னை மட்டும் ஏன் நம்பாமல் விடவேண்டும்? இதை எழுதும்போது எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது. ஓசைக்காக மாற்றினேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? ஓசை என்றால் என்ன என்று கேட்டால்

(விட்டுவிடுகிறேன். இந்தப் பந்தி என்னைப் பற்றியதாகிக்கொண்டு போகிறது.)

6

கனமூலைக்குப் போனேன். கொப்பியோடு. பாலாவியில் பஸ் மாறி, மதுரங்குளியில் இறங்கி, அங்கிருந்து ஓட்டோவில். பஸ்ஸில் என்ன பேசுவது என்று மூன்று விதமாகத் தயாரித்தேன், மூன்றும் உரையாடல் போலவே இல்லை.

ஹுனைஸ் வீட்டு முற்றத்தில் அந்தக் கார் நின்றது. மூடி திறந்திருந்தது. உள்ளே வேறொரு எஞ்சின், உடைத்த காரொன்றிலிருந்து வாங்கி இறக்கியது. பக்கத்துப் பலகையில் புதுக் குழாய் ஒரு சுருள். தடித்த, துணி வைத்துப் பின்னிய நல்ல குழாய்.

"நீங்க சொன்ன மாதிரி சூடு தாங்கிற குழாய் எடுத்திட்டன் டீச்சர்," என்றார். "இந்த முற இளகாது. கதையில இரிக்கிற மாதிரியே பூட்டப்போறன்."

ஒரு எஞ்சினை என் வாக்கியம் தின்றுவிட்டது. இரண்டாவதை என் பொய் தின்னப்போகிறது. அதிலும் இந்த முறை அந்தக் கார் எங்கே நிற்கும், முன் ஆசனத்தில் யார் இருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்.

"ஹுனைஸ், குழாயில ஒண்டுமில்ல. நான் அண்டைக்குப் பொய் சொன்னன். பிழை கதையிலதான். ரெண்டு துளைய மாத்தி எழுதிட்டன். நீங்க ஊதிப் பாத்ததுதான் சரி."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்தார், வீட்டுக்கு வந்தவரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று சிரிக்கிற சிரிப்பு.

"என்ட மனசு நோகக்கூடாதெண்டு சொல்றீங்க டீச்சர்."

"இல்ல. இந்தாங்க, கொப்பியப் பாருங்க."

பார்த்தார். விரலை வைத்து வரிவரியாகப் பார்த்தார்.

"இது கையெழுத்துத்தானே டீச்சர். கராஜில இருந்து எழுதக்குள்ள அவசரத்தில மாறியிரிக்கும். பொறகு வீட்ட போய் ஆறுதலா யோசிச்சுச் சரியா எழுதியிருப்பீங்க. அச்சுக்குப் போக முந்தி எத்தின பேர் பாத்திருப்பாங்க."

(ஒருவரும் பார்க்கவில்லை. ஆசிரியர் பக்க எண்ணிக்கையைப் பார்த்தார்.)

"அப்ப இப்ப ஊதிப் பாருங்க, என்ட முன்னுக்கு."

"ஊதி என்ன செய்ய டீச்சர்," என்றார். கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டார். "அண்டைக்கும்தானே ஊதினன்."

வாயாலும் கையாலும் எட்டுக் குளத்தைக் காத்த மனிதர், ஒரு தீப்பெட்டி அளவு சாமானை வாயில் வைக்க மாட்டேன் என்கிறார். எஞ்சினைவிட இதுதான் எனக்குப் பெரிய நட்டமாகத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, ஆனால் அழுதால் அதையும் அவர் தனக்காக என்றே எடுத்துக்கொள்வார் என்று அடக்கினேன்.

நஸ்ஹா என்னைப் படலை வரை கொண்டுவந்து விட்டாள். தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்தவள், கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"உள்ளுக்கிருந்து எல்லாம் கேட்டுட்டுத்தான் இருந்தன் டீச்சர். எனக்கு அவர் ஊதினது சரியெண்டு அண்டைக்கே தெரியும். சொன்னன். கேக்கல்ல. நான் அச்சில இல்லயே."

"இப்ப என்ன செய்ய நஸ்ஹா? பூட்டிட்டா"

"பூட்டமாட்டார். வால்வு என்ட அலுமாரிக்குள்ள. எங்க வெச்சதெண்டு மறந்து போச்செண்டு சொல்லியிரிக்கன்." அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "அடுத்த புத்தகம் வாற வரைக்கும் மறந்திருப்பன். நீங்க எழுதுங்க. நீங்க செய்ததுக்கு நீங்கதான் எழுதோணும்."

"எழுதினா நம்புவாரா?"

"எழுதினா எதையும் நம்புவார் டீச்சர். அதுதானே பிரச்சின."

7

ஆகவே முடிவுகள். மூன்று எழுதினேன்.

முதல் முடிவில் ஹுனைஸ் இதை வாசிக்கிறார், குழாய்களை மாற்றிப் பூட்டுகிறார், கார் நன்றாக ஓடுகிறது. மெனேஜரும் இதை வாசிக்கிறார், மனம் வருந்தி எட்டுக் குளத்தையும் திருப்பிக் கொடுக்கிறார். இறால்கள் வாழ்கின்றன. வாசிக்கச் சுகமாக இருந்தது. அந்த மெனேஜர் கதை வாசிக்கிறவர் என்பதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. (இதழ் வந்ததும் ஒரு பிரதியை அவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புவேன். அவர் வசதிக்காக இங்கேயே நேராக எழுதிவிடுகிறேன்: பிழை கதை எழுதிய என்னுடையது. ஹுனைஸ் பூட்டுவதற்கு முன் சோதித்துப் பார்த்தார், சோதனையில் கண்டதும் சரி. ஒப்பம், மர்ளியா.)

இரண்டாவது முடிவில் நஸ்ஹா அலுமாரியைப் பூட்ட மறந்துவிடுகிறாள். "அன்று அவர்கள் பாலாவிப் பாலத்தைக் கடக்கும்போது ஊசி" என்று எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவினேன். திரும்பி வந்து தொடரவில்லை.

மூன்றாவது ஸுஹைப் சொன்னது. அந்த வால்வே வேண்டாம், பழையபடி ஒற்றைக் குழாயைப் போட்டுக்கொண்டு ஓடட்டும் என்றான். மெக்கானிக் என்ற முறையில் நல்ல யோசனை. ஆனால் அப்படி எழுதினால் ஹுனைஸ் அப்படியே செய்வார். வால்வை ஒரு டப்பாவில் போட்டு மூடிவிட்டு, தனக்கு வராத வேலை அது என்று மிச்சக் காலத்துக்கும் நம்புவார்.

நான் கவனித்தது இதுதான்: எந்த முடிவை எழுதினாலும் அவர் அதைச் செய்வார். எழுதியது எழுதியபடி நடக்கவேண்டும் என்று ஆசைப்பட்ட காலம் எனக்கும் இருந்தது. இப்போது பேனையைத் தாளில் வைக்கவே பயமாக இருக்கிறது.

முதல் முடிவுதானே சரி, குழாய்களை மாற்றினால் முடிந்ததே என்று நீங்கள் கேட்கலாம். கார் ஓடும், உண்மைதான். அது என் இரண்டாவது வாக்கியத்தில் ஓடும். நாளைக்குக் குளத்தங்கரையில் ஒரு ப்ளோவர் இருமும்போது அவர் என்ன செய்வார்? மர்ளியா டீச்சர் ப்ளோவர் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று தேடுவாரா?

8

ஹுனைஸ்,

நஸ்ஹா உங்களைப் பற்றிச் சொன்னதை உங்களுக்கே எழுதிவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள். அவள்மேல் கோபப்படவேண்டாம், அவள் ஊருக்குள் என்னைவிட நல்ல வாசகி.

இதை எழுதியது நான், அச்சிலும் வந்துவிட்டது, ஆகவே நம்புவீர்கள் என்று நினைக்கிறேன்: போன கதையில் நான் எழுதியது பிழை. தெரிந்தே விட்ட பிழை. அன்று என் வீட்டில் குழாய் என்று சொன்னது பொய். உங்கள் மனம் நோகாமல் இருக்க நான் ஒன்றும் சொல்லவில்லை. என் மானம் போகாமல் இருக்கத்தான் சொன்னேன்.

சரியான ஒழுங்கு என் கொப்பியில் இருக்கிறது. ஒரே வரி. எழுத எனக்கு ஐந்து நிமிடம் போதும், இந்த முறை ஓசையும் தானாக வருகிறது. ஆனாலும் எழுதவில்லை. நீங்கள் முதற் பக்கத்திலிருந்து திரும்பத் திரும்ப வாசிப்பீர்கள் என்று தெரியும். வாசியுங்கள். எந்தத் துளைக்கு எந்தக் குழாய் என்பது இந்தக் கதையில் ஓரிடத்திலும் இல்லை. பார்த்துப் பார்த்துத்தான் எடுத்தேன்.

இதை வாசித்து முடித்ததும் நஸ்ஹாவிடம் வால்வைக் கேளுங்கள், அவளுக்கு ஞாபகம் வந்துவிடும். சஞ்சிகையை மூடி எட்ட வையுங்கள். கரண்ட் கொடுக்காமல் ஊதுங்கள். காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது என்று எனக்குச் சொல்லி அனுப்புங்கள். நான் எழுதிக்கொள்கிறேன்.